நம்மவர் கையால் செத்தவர்கள்: போர்ப் படங்கள் காட்டுவதும் கைவிடுவதும்

அரியலூர் அருகே மருதையாற்றில் இரண்டு பெரிய ரயில் கோரங்கள் நடந்திருக்கின்றன. 1956 நவம்பர் 23 அன்று வெள்ளத்தில் பாலம் இற்றுப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1986 மார்ச் 15 அன்று பாலத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னது வெள்ளத்தின் வேலை. பின்னது தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப் படையின் வேலை என்று அறியப்பட்டது. காரணங்கள் இப்படி வேறுபட்டாலும் இரண்டும் ஊர் நினைவில் தங்கிய விதம் ஒன்றுதான். 1956 என்றால் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகிய கதை வருகிறது. 1986 என்றால் தமிழரசன் வருகிறார், சொல்பவரைப் பொறுத்துப் போராளியாகவோ பயங்கரவாதியாகவோ. வண்டியில் இருந்தவர்கள் இரண்டு கதையிலும் வேறொருவரின் வரலாற்றுக்கு முன்னுரையாகிப் போனார்கள்.

ஆயுத மோதலைப் பற்றிய படங்கள் எந்தத் தரப்பின் கொடுமையை எப்படிக் காட்டுகின்றன என்ற கேள்விக்கு இந்த மண்ணிலிருந்து பதில் தேடுவது அதனால்தான் பொருத்தம். இரு தரப்பையும் காட்டினால் நடுநிலை, ஒன்றை மட்டும் காட்டினால் பிரசாரம் என்று நாம் பொதுவாக ஒரு கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு உதவாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். எந்தப் பக்கம் எத்தனை பிணம் விழுந்தது என்று படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணுவதில் பயனில்லை. படம் யாரோடு நிற்கிறதோ அந்தத் தரப்பு கொன்றவர்களுக்கு, அது தன்னவர் சாவுக்குத் தருகிற நேரம், முகம், வீடு, அழுகை ஆகியவற்றைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான படங்கள், நல்ல படங்கள்கூட, இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எதிரி செய்த கொடுமை உடம்பின் வலியாகத் திரைக்கு வருகிறது. நம்மவர் செய்த கொடுமை ஒரு விளக்கமாக வருகிறது, அல்லது வராமலே போகிறது.

போர்க் கொடுமையைச் சொல்வதிலும் மறைப்பதிலும் இந்த வட்டாரத்துக்கு ஆயிரம் ஆண்டு அனுபவம் உண்டு. ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரம் படையெடுப்பின் வெற்றிக்காக எழுந்த தலைநகர். கோயிலுக்குள் உள்ள சூரிய பீடம் சாளுக்கிய நாட்டிலிருந்து வந்தது என்றும், பக்கத்துச் செங்கமேட்டில் உள்ள காளி, பைரவர் சிற்பங்கள் கலிங்கத்திலிருந்து வந்தவை என்றும் கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். சோழச் சிற்பிகளின் கருங்கல் வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் செந்நிறக் கல் உடனே வேற்றூர்க்காரனாகத் தெரிந்துவிடும். அவை போரில் கொள்ளையடித்துக் கொண்டுவந்தவை. அந்தக் கொள்ளையின் மறுபக்கத்தைக் கர்நாடகத்தின் ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது: சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைக் கைப்பற்றியது என்று அது குற்றம் சாட்டுகிறது. அனுராதபுரத்துப் பௌத்தத் தலங்கள் உடைக்கப்பட்டுப் பொன் படிமங்கள் பறிக்கப்பட்டதை இலங்கையின் சூளவம்சம் பதிவு செய்கிறது. இவை எதிரி எழுதியவை, மிகை இருக்கத்தான் செய்யும். ஆனால் பகைவர் ஊரை எரித்ததையும் அரண்மனை மகளிரைப் பிடித்துவந்ததையும் சோழர் மெய்க்கீர்த்திகளே பெருமையாகச் சொல்லிக்கொள்வதால், முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் ஹொட்டூர்ச் சான்றை ஒளிக்காமல் எடுத்துப் பேசினார். வரலாற்றாசிரியருக்கு இருந்த அந்தத் துணிச்சல் திரைக்கு இன்னும் வரவில்லை.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) ஒரு கொடுமைக்கு மட்டும் முழு முகம் தருகிறது. காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனின் தலையை, நந்தினி கெஞ்சக் கெஞ்சக் கேளாமல், ஆதித்த கரிகாலன் வெட்டுகிறான். அந்தச் செயல் அவனைக் கடைசிவரை விடாமல் துரத்துகிறது. கதாநாயகர் தரப்பின் குற்றத்தை இவ்வளவு கனமாகச் சுமக்கிற வணிகப் படம் தமிழில் அரிது. ஆனால் செத்தவன் ஓர் அரசன், அழுதவள் நாயகனின் காதலி. துக்கம் அரண்மனைக்குள்ளேயே சுற்றுகிறது. சாதாரண ஊர்க்காரன் யாரும் சோழப் படையிடம் அடிபட்டதாகப் படத்தில் தடயமில்லை. இலங்கையில் அருள்மொழிவர்மனுக்குப் பிக்குகளே அரியணை தர முன்வருகிறார்கள். கதை கல்கியுடையது, காலமும் ஹொட்டூருக்கு முந்தியது என்பது உண்மைதான். ஆனாலும் சூளவம்சத்தில் சூறையாடப்பட்டவர்களாக வருகிறவர்கள், நம் கதையில் நன்றி சொல்ல வருகிறவர்களாக ஆகிவிட்டார்கள் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) இன்னும் சிக்கலான படம். அதில் சோழர்களே கைதிகளைக் களத்தில் விட்டுக் கொல்வதை ஆரவாரத்தோடு பார்க்கிறார்கள். பிறகு அதே மக்கள் நவீனத் துப்பாக்கிப் படையிடம் சிக்கி, பெண்கள் வதைபடும்போது, வெளியாவதற்கு எட்டு மாதம் முன்பு நடந்த முள்ளிவாய்க்கால் பார்வையாளருக்கு நினைவு வராமல் இருந்திருக்காது. இரண்டு கொடுமையும் திரையில் இருக்கின்றன. ஆனால் முன்னது வேடிக்கையாகவும் பின்னது துக்கமாகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. முற்பாதியில் பயணக்குழுவினர் சுட்டுத்தள்ளும் பழங்குடிகளுக்கு அந்த வேடிக்கையின் கனம்கூட இல்லை. இரு தரப்பையும் காட்டியதாலேயே ஒரு படம் நேர்மையாகிவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மருதையாற்றுக்கு மிக நெருங்கி வந்த படம் வெற்றிமாறனின் 'விடுதலை' (முதல் பாகம் 2023, இரண்டாம் பாகம் 2024). ஜெயமோகனின் 'துணைவன்' கதையை வேராகக் கொண்டது, 1987இல் கற்பனையான ஒரு மலைப்பகுதியில் நடப்பது. பெருமாள் வாத்தியாரில் தமிழரசனின் சாயலும் பெண்ணாடம் பகுதியின் புலவர் கலியபெருமாளின் சாயலும் இருப்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். முதல் பாகத்தின் தொடக்கமே குண்டுவெடித்துக் கவிழ்ந்த ரயில்தான். கேமரா சாய்ந்து கிடக்கும் பெட்டிகளுக்குள் புகுந்து, நசுங்கிய உடல்களையும் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களையும் தாண்டி, மீண்டும் வெளியே வந்து, வெட்டு இல்லாமல் பல நிமிடங்கள் அலைகிறது. கவர்ச்சி எதுவும் இல்லாமல் புரட்சிப் படையின் செயலின் விலையைப் படத்தின் வாசலிலேயே வைத்துவிட்ட துணிவு தமிழ் சினிமாவில் இதற்கு முன் இல்லை எனலாம். அடுத்த இரண்டு மணி நேரம் வேறொரு கொடுமைக்கு உரியது: சிறப்புக் காவல் படை முகாம், மலைக்கிராமம், விசாரணை என்ற பெயரில் பெண்களை நிர்வாணப்படுத்தி அடிக்கிற காவல் நிலையம். அங்கே வதைபடுகிற தமிழரசி என்ற பாப்பாவை நமக்கு முன்னரே தெரியும். அவள் பாட்டியைத் தெரியும், அவள் பேச்சையும் கோபத்தையும் தெரியும். அதனால் அவள் மேல் விழும் அடி நம் மேல் விழுகிறது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரையும் நமக்கு அப்படித் தெரியாது. இரண்டு பாகங்களிலும் கேமரா அவர்களில் எவர் வீட்டுக்கும் போவதில்லை. அந்தச் சாவுகள் காவல்துறை வேட்டைக்கும் அரசியல் விவாதத்துக்கும் காரணமாகின்றன. காரணமாகி முடிந்தும் போகின்றன.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு இயக்குநரின் மனச்சாய்வை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆவணங்களே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அரசின் வன்முறைக்குப் பிழைத்தவர்களின் வாக்குமூலம் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த கொடுமைக்கு, ஊர்ப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சாட்சி சொன்னார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 'விடுதலை'யின் காவல் நிலையக் காட்சிகள் அந்தச் சாட்சியங்களின் பலத்தில் நிற்கின்றன. மருதையாற்றில் செத்தவர்களுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. அவர்கள் பல ஊர்களிலிருந்து ஒரே வண்டியில் ஏறியவர்கள். அவர்களுக்காகத் திரண்டு நிற்க இயக்கமோ சங்கமோ சாதியோ கிடையாது. தரப்பு இல்லாதவர்கள் என்பதாலேயே அவர்கள் எல்லாத் தரப்பின் நினைவிலிருந்தும் நழுவினார்கள். ஆனால் ஆவணம் இல்லாத இடத்தை நிரப்பத்தானே கற்பனை இருக்கிறது. பாப்பாவைப் படைக்க முடிந்த படத்தால் ஒரு பயணியையும் படைத்திருக்க முடியும்.

1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் நடந்தது இதைவிடச் சங்கடமான செய்தி. இன்றைய செந்துறை வட்டத்தில் உள்ள அந்த ஊரின் வங்கியில் பணம் பறிக்க வந்த தமிழரசனையும் அவர் தோழர்கள் நால்வரையும் ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. தமிழரசன் அந்த வட்டாரத்துக்காரர். அடித்த கூட்டத்தில் மாற்றுடையில் காவலர்கள் கலந்திருந்தார்கள், அவர்கள்தான் தூண்டினார்கள் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்லிவருகிறார்கள். கையில் ஆயுதம் இருந்தும் அவர்கள் மக்களை நோக்கிச் சுடவில்லை என்றும் சொல்கிறார்கள். எது எப்படியிருந்தாலும் கற்களும் கட்டைகளும் பொதுமக்கள் கையிலும் இருந்தன. 'விடுதலை'யின் பெருமாள் வாத்தியாரோ காவல்துறைத் துப்பாக்கிக்கு இரையாகிறார். கற்பனைக் கதைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனாலும் இந்த மாற்றத்தின் விளைவைப் பார்க்க வேண்டும்: கொன்றவன் சீருடைக்காரன் என்றால் பார்வையாளர் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், கொன்றவன் தன்னைப் போன்ற ஊர்க்காரன் என்றால் அவ்வளவு சுலபமாக எழுந்து போக முடியாது. அரசு, போராளி என்ற இரண்டு தரப்போடு கூட்டம் என்ற மூன்றாவது தரப்பும் உண்டு. திரை பெரும்பாலும் கைவிடுவது அந்த மூன்றாவதைத்தான், ஏனெனில் டிக்கெட் வாங்குவதும் அதுதான்.

ஈழப்போரைப் பற்றிய படங்களுக்கு வந்தால், இங்கே படம் எடுப்பதற்கு முன்பே தரப்பு முடிவாகிவிடுகிறது. விடுதலைப் புலிகளை மையமாக வைத்த 'மெட்ராஸ் கஃபே' 2013இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. சந்தோஷ் சிவனின் 'இனம்' 2014 மார்ச் இறுதியில் வெளியாகி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் ஒன்றின் சென்னைக் காட்சிகள் நிறுத்தப்பட்டன. இத்தனைக்கும் அது ஒரு முன்னாள் சிங்களச் சிப்பாயின் குற்றவுணர்வைப் பற்றிய படம். மறுபுறம், இலங்கைப் படையின் குற்றங்களைக் காட்டும் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்துக்கு அதே 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. தெருவும் அரசும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே வேலையைத்தான் செய்தன. இந்தச் சூழலில் மிஞ்சியவை இரண்டு வகை. வன்னியிலேயே எடுக்கப்பட்ட 'ஆணிவேர்' (2006) போன்றவை ஒரு தரப்பின் வதையை மட்டும் சொல்கின்றன. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இரு பக்கத் துப்பாக்கியையும் காட்டி, போரே கொடியது என்ற பொதுத் துக்கத்தில் முடிகிறது. பொதுத் துக்கம் கண்ணீர் வரவழைக்கும். யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை மட்டும் அது சொல்லாது.

இலங்கையில் எடுத்தவர்களிடம் இதைவிடக் கூர்மையான படங்கள் கிடைக்கின்றன, தண்டனைகளும் கிடைத்திருக்கின்றன. 1999இல் கோணகலையில் சிங்களக் கிராமத்தவரைப் புலிகள் வெட்டிக் கொன்றதைக் கடற்படை அதிகாரியாயிருந்த சரத் வீரசேகர 2011இல் 'காமணி' என்ற படமாக்கினார். அந்தச் சாவுகள் உண்மை, அந்தத் துக்கமும் உண்மை. படம் அதைத் தன் தரப்புப் படையின் பெருமையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதே ஆண்டு சஞ்சீவ புஷ்பகுமார எடுத்த 'இகில்லென மாலுவோ' ராணுவத்தை இழிவுபடுத்துகிறது என்று 2013இல் அரசு தடுத்தது. ஒரே நாட்டில், ஒரே போர் பற்றி, அடுத்தவர் செய்த கொடுமைக்கு ஆதரவும் நம்மவர் செய்த கொடுமைக்குத் தடையும். விதானகேயின் 'இர மதியம' (2003) இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறது. 1990இல் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதை அது புள்ளிவிவரமாகச் சொல்வதில்லை. தன் நாயை விட்டுப் பிரிய மாட்டாத ஒரு சிறுவனின் மூலம் சொல்கிறது. தமிழ்த் தரப்பின் கையால் வீடிழந்தவனுக்குச் சிங்கள இயக்குநர் தந்த அந்த முகத்தைத் தமிழ்ப் படம் எதுவும் அதே அழுத்தத்தோடு தரவில்லை. தமிழரான ஜூட் ரட்ணம் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' (2017) ஆவணப்படத்தில், 1983 ஜூலை வன்முறையையும் தமிழ் இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளையும் ஒரே குடும்பத்தின் நினைவுக்குள் வைத்துப் பேசினார். கான் விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படத்தை யாழ்ப்பாணத் திரைப்பட விழா தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

நான் சொல்லும் அளவுகோல் நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை அல்ல என்பதற்கு, 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) சாட்சி. இத்தாலியரான ஜில்லோ பொன்டெகோர்வோ இயக்கிய அந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர் அல்ஜீரிய விடுதலை முன்னணியின் தளபதியாயிருந்த யாசெப் சாதி. அவரே அதில் நடிக்கவும் செய்தார். ஆக, வென்ற போராளித் தரப்பே தன்னைப் பற்றி எடுத்த படம் அது. அதில் ஓர் அல்ஜீரியப் பெண் பிரெஞ்சுக்காரர்கள் கூடும் கடையில் குண்டை வைத்துவிட்டு ஒரு கணம் சுற்றிப் பார்க்கிறாள். ஐஸ்கிரீம் தின்னும் ஒரு குழந்தை, சிரித்துப் பேசும் இளசுகள். அவள் பார்ப்பதை நாமும் அவள் கண்ணாலேயே பார்க்கிறோம். பிறகு வெடிக்கிறது. அல்ஜீரியக் குடியிருப்பில் பிரெஞ்சுத் தரப்பு வைத்த குண்டில் செத்தவர்களுக்கு ஒலித்த அதே இரங்கல் இசை, இந்தப் பிரெஞ்சுப் பிணங்களுக்கும் ஒலிக்கிறது. படம் தன் பக்கத்தை ஒருபோதும் மறைப்பதில்லை, விடுதலையின் நியாயத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதும் இல்லை. தன்னவர் கொன்றவர்களுக்குரிய துக்கத்தை மட்டும் அது திருடிக்கொள்ளவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா' (2006) இதையே சிறிய அளவில் செய்கிறது: சரணடைந்த ஜப்பானியரை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக்கொல்வதை ஓர் அமெரிக்கரே எடுத்திருக்கிறார்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. அரசையும் ஆயுதக் குழுவையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாது. அரசுக்குச் சட்டமும் சம்பளமும் சிறையும் இருக்கின்றன, காக்கக் கடமைப்பட்டவன் கொல்வது தனிக் குற்றம், அளவும் ஒன்றல்ல. ஆனால் துக்கத்தைச் சமமாகத் தருவது வேறு, குற்றத்தைச் சமமாக்குவது வேறு. ஈழப்போரின் இறுதிக் கட்டத்தை ஆராய்ந்து ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, குடிமக்கள் சாவு 40,000 வரை இருக்கக்கூடும் என்றும் பெரும்பாலானவை அரசப் படையின் எறிகணையால் என்றும் சொன்னது. புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கையே எழுதியது. அளவை மழுப்பாமலும் எவர் குற்றத்தையும் விழுங்காமலும் ஓர் அலுவல் அறிக்கையால் எழுத முடிந்ததைக் கலையால் எழுத முடியாது என்று சொல்வது கலையைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

நம் குறையை நாமே சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்பது இரண்டாவது மறுப்பு. நடந்ததோ நேர்மாறு. கோணகலையைத் தமிழ்த் தரப்பில் யாரும் படமாகப் பேசாததால்தான் அதைச் சொல்லும் உரிமை முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் போய்ச் சேர்ந்தது. மாறாக, ரயிலில் தொடங்கியதால்தான் 'விடுதலை'யின் காவல் நிலையக் காட்சிகளைப் பிரசாரம் என்று எளிதில் ஒதுக்க முடியவில்லை. கலை நீதிமன்றம் அல்ல, ஒரு தரப்பின் கதையை மட்டும் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்பது மூன்றாவது மறுப்பு. அந்த உரிமை உண்மையானது, எறிகணைக்கு நடுவே இருந்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. ஊரையே எரித்த நாஜிப் படையின் மனநிலையை விளக்கும் கடமை 'கம் அண்ட் சீ' (1985) படத்துக்கு இல்லை. நான் கேட்பது கொடியவன் மேல் பரிவு காட்டச் சொல்லி அல்ல. நம்மவர் கையால் செத்த அப்பாவிக்கு ஒரு முகம் மட்டுமே கேட்கிறேன். அதோடு, தமிழ்நாட்டுத் திரையுலகம் எறிகணைக்கு நடுவே இல்லை. அதனிடம் பணமும் பாதுகாப்பும் முப்பது நாற்பது ஆண்டு இடைவெளியும் இருக்கின்றன. இந்த மூன்றும் கையில் இருக்கும்போது ஒருதலைச் சொல்லுக்கு நெருக்கடியைக் காரணம் காட்ட முடியாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றில் இன்னும் எடுக்கப்படாத படங்கள் இருக்கின்றன. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிய ஒரு குடும்பத்தை முதல் மணி நேரம் நமக்குப் பழக்கிவிட்டு, பிறகு பாலத்துக்கு வருகிற படம் ஒன்று. பொன்பரப்பியில் கட்டை எடுத்தவன் மறுநாள் காலை என்ன ஆனான் என்று கேட்கிற படம் ஒன்று. தமிழரசன் எதிர்த்த நிலவுடைமையும் சாதிக் கொடுமையும் காவல்துறை வன்முறையும் அந்தப் படங்களில் மங்கிப்போக வேண்டியதில்லை. உண்மையில் அவை இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் பார்ப்பவர் படத்தை நம்பத் தொடங்கியிருப்பார். ஒரு போராட்டத்தின் நியாயம் எவ்வளவு பெரிதோ, அதன் பெயரால் செத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையும் அவ்வளவு பெரிது. அந்தக் கணக்கை எதிரி எழுதட்டும் என்று விட்டுவிடும் படம், தான் போற்றுகிற தரப்புக்குத்தான் முதலில் துரோகம் செய்கிறது.